ஸ்போர்ட்ஸ் காடிக்கு பிபிஎஃப் ஒட்டுறது எப்படி: கேஎல் வெயில்ல, ஈசலோட சண்டை போட்டு கத்துக்கிட்டது

கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல இருந்து போற காராக் ஹைவேல மண்ணு லோரி பின்னாடி அரை மணி நேரம் போனா போதும், வீட்டுக்கு வந்து பானெட் (காடியோட முன் மூடி) மூஞ்சில எத்தனை பொட்டு விழுந்திருக்குன்னு உக்காந்து எண்ணலாம். என் மச்சான் அப்படித்தான் எண்ணிக்கிட்டு இருந்தாரு. சிவப்பு கலர் போர்ஷ 718 கேமன், ரீகான் காடி (வெளிநாட்டுல ஓடி இங்க இறக்குமதியான பழைய கார்), வாங்கி மூணு வாரம் கூட ஆகல, பம்பர்ல பதினோரு பொட்டு. "மாப்ள, நீ டிண்டட் கடையில இருந்தவன்தானே, இதுக்கு ஒரு வழி சொல்லு"ன்னாரு. நான் கேஎல்ல செகாம்புட் பக்கம் ஒரு கடையில டிண்டட் (ஜன்னல் கண்ணாடிக்கு கருப்பு பிலிம்) ஒட்டி, அப்புறம் பிபிஎஃப், அதாவது பெயிண்டை காக்க மேல ஒட்டற பிலிம், கத்துக்கிட்டவன், இப்ப வேற வேலை, ஆனா கை மறக்கல. மூணு ராத்திரி சேர்ந்து ஒட்டுனோம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த காடியை வச்சுத்தான் எழுதறேன்.

முதல்ல இது என்ன சாமான்னு தெரிஞ்சுக்குங்க. பிபிஎஃப்னா பெயிண்ட் புரொடெக்ஷன் பிலிம், டிபியு, அதாவது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன்ல செஞ்சது, 150 மைக்ரான்ல இருந்து 200 மைக்ரான் வரைக்கும் கனம் இருக்கும். கம்பெனி பெயிண்டே பிரைமர்ல இருந்து மேல கிளியர் கோட் வரைக்கும் சேர்த்து 100, 150 மைக்ரான்தான், அப்படின்னா நீங்க ஒட்டப்போறது பெயிண்டை விட கனமான ஒரு தோல். வியட்நாம் போர் காலத்துல ஹெலிகாப்டர் விசிறிய மண்ணு அரிக்காம இருக்க அமெரிக்கா ராணுவம் இந்த மாதிரி பிலிம் போட்டாங்க, அங்க இருந்துதான் காடிக்கு வந்துச்சு. சின்ன கல்லு, மரத்து பிசின், மைனா எச்சம், கார் வாஷ் துணி போடற கோடு, இதுக்கெல்லாம் நல்லா தாங்கும். டென்ட், அதாவது நெளிவு விழறதை தடுக்காது, பார்க்கிங்ல பக்கத்து காடிக்காரன் கதவை மோதுனா மோதுனதுதான். நிறைய பேரு இத ஏதோ கவசம்னு நெனச்சு வராங்க, அப்புறம் கடைக்காரன் கூட சண்டை.

எது நீங்களே செய்யலாம், எதுல கை வைக்கக் கூடாதுன்னு இப்பவே சொல்லிடறேன். ஹெட்லைட், கதவு கைப்பிடி குழி, பூட் (டிக்கி) விளிம்பு, சைட் ஸ்கர்ட் (கதவுக்கு கீழ ஓடற பட்டை), இதெல்லாம் பொறுமை இருந்தா யாரும் செய்யலாம். பானெட் ரெண்டு ஆள் இருந்தா செய்யலாம். பம்பரும் சைட் மிரரும் முதல் தடவையே அழகா வராது, வந்தா உங்களுக்கு கை ராசி. முழு காடிக்கு 1.52 மீட்டர் அகலம் 15 மீட்டர் நீள ரோல் ஒண்ணு போகும், அதுல பாதிய கெடுத்துட்டு கடைக்கு போறதுக்கு முதல்லயே கடைக்கு போயிடலாம். முன்பக்கம் மட்டும் பண்ணாலே போதும், கல்லடியில பெரும்பாலும் அங்கதான் விழுது, அதனால காசு கொஞ்சமா இருந்தா முன்பக்கத்தோட நிறுத்திக்குங்க, தப்பே இல்ல.

பெயிண்டை பாக்கறது

ரீகான் காடி வாங்கறவங்க இத தாண்டி போகாதீங்க. ஜப்பான்ல இருந்தோ யூகேல இருந்தோ வர்ற காடி, ஏதாவது ஒரு பேனல் மறுபடி பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, பாத்தா தெரியாது. பெயிண்ட் கனம் அளக்கற மீட்டர் ஒண்ணு கடன் வாங்கியாவது பிடிச்சு பாருங்க. கேமனுக்கு பானெட்டும் கதவும் அலுமினியம், அதனால இரும்புக்கு மட்டும் வேலை செய்யற மலிவு மீட்டர் அதுல ஒண்ணுமே காட்டாது, அலுமினியமும் அளக்கற மீட்டரா பாத்து வாங்குங்க. பிளாஸ்டிக் பம்பர்ல அதுவும் காட்டாது, அதுக்கு கண்ணுதான், லைட்டை சாய்ச்சு பிடிச்சு ஆரஞ்சு தோல் மாதிரி மேடு பள்ளம் பக்கத்து ஃபெண்டரோட (சக்கரத்துக்கு மேல இருக்கற பேனல்) ஒத்துப்போகுதான்னு பாக்கணும். எங்களுக்கு மத்த எடமெல்லாம் 110, 120 காட்டுன மீட்டர் இடது ஃபெண்டர்ல 260 காட்டுச்சு, அப்படின்னா அது மறுபடி அடிச்ச பெயிண்ட். மச்சான் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே.

மறுபடி அடிச்ச பெயிண்ட் மேல பிலிம் ஒட்டலாம், ஆனா அடிச்சு குறைஞ்சது 30 நாள் ஆகியிருக்கணும், உள்ள இருக்கற தின்னர் ஆவி வெளிய போகணும், இல்லன்னா பிலிமுக்கு அடியில குமிழ் குமிழா வரும். இன்னொன்னு, பின்னாடி ஒருநாள் பிலிமை உரிக்கும்போது மோசமா அடிச்ச பெயிண்ட் கூடவே வந்துடும். கடையில இத முன்னாடியே சொல்லி வாட்சப்ல எழுதி வாங்கிக்குவாங்க, நல்ல கடைன்னா.

பிலிம் வாங்கறது

எக்ஸ்பெல், சன்டெக், எஸ்டெக், த்ரீ எம், எல்லாம் தெரிஞ்ச பேருதான், எதுன்னாலும் டிபியு-தானான்னு கேளுங்க. பிவிசி பிலிமையும் பிபிஎஃப்னு சொல்லி பாதி விலைக்கு விக்கறாங்க, நம்ம ஊரு வெயில்ல அது சீக்கிரமே மஞ்சளாகி விளிம்பு மொறுமொறுன்னு ஆயிடும், வெள்ளை காடின்னா கண்ணறாவி. சின்ன துண்டு சாம்பிள் கேட்டு வாங்கி பித்தளை பிரஷ்ல லேசா தேச்சு அதுமேல சுடுதண்ணி ஊத்துங்க, கோடு மறையணும், அதுதான் செல்ஃப் ஹீலிங். ரோல் பெட்டி மேல இருக்கற சீரியல் நம்பரை போட்டோ எடுத்து வச்சுக்குங்க, வாரண்டிக்கு அதுதான் கேப்பாங்க. கலர் பிபிஎஃப் போட்டு காடி கலரையே மாத்தறதா இருந்தா ஜேபிஜே-யில (மலேசியா சாலைப் போக்குவரத்து இலாகா) சொல்லி கிராண்ட்லயும் (காடியோட பதிவுச் சான்று) மாத்திக்கணும், கிளியருக்கு அந்த தொல்லை இல்ல.

எடமும் நேரமும்

பசைக்கு 20ல இருந்து 25 டிகிரி வரைக்கும்தான் சொகம். கேஎல்ல பகல் 33, காடி வெயில்ல நின்னா பானெட் இன்னும் மேல, அந்த சூட்டுல பிலிம் தொட்ட எடத்துல கப்புனு புடிச்சுக்கும், நகத்தவே விடாது. அதனாலதான் நாங்க ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சோம், காடி ரெண்டு மணி நேரம் நெழல்ல நின்னு ஆறினதுக்கு அப்புறம். ஃபேன் போடாதீங்க, தூசி பறக்கும். தரையில தண்ணி தெளிச்சு ஈரமா வச்சா தூசி அடங்கும். பஞ்சு உதிர்ற பழைய டீசர்ட், துண்டு எதுவும் கிட்ட வரக்கூடாது. எங்க பாஸ் கடையில வேலை செய்யும்போது எல்.சி.டி. திரை துடைக்கற துணி மாதிரி வழவழன்னு இருக்கற சட்டைதான் போடுவாரு, "பஞ்சு சட்டை போட்டவன் வெளிய நில்லு"ன்னு அடிக்கடி சத்தம் போடுவாரு, அப்ப சிரிச்சோம்.

கழுவறதுலயே ஒருநாள் போயிடும்

பிலிம் எதையும் மறைக்காது, கண்ணாடி போட்டு பாக்கற மாதிரி பெருசாக்கி காட்டும். அதனால முதல்ல ஷாம்பூ வாஷ், அப்புறம் ஐயர்ன் ரிமூவர் அடிச்சு விடுங்க, பிரேக் தூசி பட்ட எடமெல்லாம் ஊதா கலர்ல வழியும், பயப்படாதீங்க, அது இரும்புத்தூள் கரையறது. தார் பொட்டுக்கு தார் ரிமூவர். அப்புறம் கிளே பார் (களிமண்ணு மாதிரி மெத்துன்னு ஒரு கட்டி), தண்ணியும் சோப்பும் விட்டு தேச்சா விரல்ல நரநரன்னு இருந்தது கண்ணாடி மாதிரி ஆயிடும். ஸ்வர்ல் கோடு (துணி தேச்சு வட்ட வட்டமா விழற மெல்லிய கீறல்) இருந்தா மெஷின் பாலிஷ் இப்பவே போடுங்க, பிலிம் ஒட்டினப்புறம் வாய்ப்பு இல்ல. விழுந்த கல் பொட்டுக்கு டச்-அப் பெயிண்ட் வச்சு மட்டமா தேச்சு முழுசா காய விடணும். மச்சான் காடியில அந்த பதினோரு பொட்டுக்கு மட்டும் ஒரு சாயங்காலம் போச்சு.

பழைய மெழுகோ செராமிக் கோட்டிங்கோ இருந்தா அதையும் எடுத்தாகணும், வழுவழுப்பு மேல பசை புடிக்காது. செராமிக் போடணும்னு ஆசை இருந்தா பிலிமுக்கு மேல போடுங்க, அடியில இல்ல. கடைசியா ஐபிஏ, அதாவது ஐசோபுரோபைல் ஆல்கஹாலை தண்ணி கலந்து பேனல் முழுக்க தொடச்சு விளிம்பு, பானெட் மடிப்போட உள்பக்கம், லைட் சந்து எல்லாம் விரல் துணி வச்சு எடுக்கணும். சந்துல ஒளிஞ்சிருக்கற மண்ணு இருக்கே, நீங்க ஸ்குவீஜி (தண்ணிய வெளிய தள்ளற தகடு) போடும்போது சரியா அந்த நேரம் பாத்து வெளிய வரும். பேட்ஜ் (கம்பெனி பேரு, சின்னம்) இருந்தா தூண்டில் நரம்பு வச்சு அறுத்து எடுத்துடுங்க, சுத்தி வெட்டறதுக்கு அது எவ்வளவோ மேல்.

ரெண்டு பாட்டில்

ஒண்ணு ஸ்லிப், பிலிம் வழுக்கி நகர்றதுக்கு, இன்னொன்னு டேக், பசை புடிக்கறதுக்கு. ஸ்லிப் தண்ணின்னா ஒரு லிட்டர் ஃபில்டர் தண்ணிக்கு நாலு சொட்டு பேபி ஷாம்பூ, கண்டிஷனர் கலக்காதது. ஷாம்பூ கூடிப்போச்சுன்னா பிலிம் எப்பவும் புடிக்காம வழுக்கிக்கிட்டே இருக்கும், கொறஞ்சா நகத்த முடியாது. டேக் தண்ணின்னா ஒரு பங்கு ஐபிஏ-க்கு நாலு பங்கு தண்ணி, எங்க புடிக்கணுமோ அங்க மட்டும் இது. குழாய் தண்ணி வேணாம், எங்க வீட்டு குழாய்ல சில நாள் துரு மண்ணு வருது. பாட்டில் மேல பெரிய எழுத்துல எழுதி ஒட்டுங்க, ராத்திரி ஒரு மணிக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், நான் மாத்தி அடிச்சு ஒரு ஹெட்லைட் துண்டை தூக்கிப் போட்டவன்.

பானெட்

இதுதான் எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கற பேனல், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். பானெட்டை விட நாலா பக்கமும் ஏழெட்டு சென்டிமீட்டர் அதிகமா பிலிமை வெட்டிக்குங்க. கை, முழங்கை வரைக்கும் கழுவுங்க. பானெட் முழுக்க ஸ்லிப் அடிச்சு தண்ணி ஓடற மாதிரி விடுங்க. ஒருத்தர் பிலிமோட ரெண்டு மூலைய பிடிக்க இன்னொருத்தர் லைனரை (பசையை மூடியிருக்கற தாள்) உரிக்கணும், உரிக்க உரிக்க பசை பக்கம் ஸ்லிப் அடிச்சுக்கிட்டே வரணும், ஏன்னா லைனர் உரியும்போது கரண்ட் மாதிரி ஸ்டேட்டிக் வந்து காத்துல இருக்கற தூசி எல்லாத்தையும் இழுக்கும். முக்கியமானது, உரிக்க ஆரம்பிச்சா நடுவுல நிக்காதீங்க. நின்ன எடத்துல பசையில ஒரு கோடு விழும், அந்தக் கோடு சிவப்பு காடியில வெயில்ல பளிச்சுனு தெரியும், போகவே போகாது.

அப்புறம் பிலிமை பானெட் மேல படகு மாதிரி மிதக்க விடுங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் இங்கதான் தப்பு பண்றாங்க, இழுத்து ஒட்டப் பாக்கறாங்க. பிபிஎஃப்ல இழுக்கறது கடைசி வழி, முதல்ல மிதக்க விட்டு உக்கார வைக்கணும். எங்க பாஸ் பாஷையில சொன்னா, "டேய் தம்பி, புள்ளைய தொட்டில்ல போடற மாதிரி போடு." இப்படியும் அப்படியும் நகத்தி, நடு கோட்டுக்கு சரியா வந்ததும் நடுவுல ஒரு சாண் அகலத்துக்கு ஸ்குவீஜி போட்டு நங்கூரம் போட்ருங்க. பிலிம் மேலயும் ஸ்லிப் அடிச்சாத்தான் ஸ்குவீஜி ஓடும், இல்லன்னா கோடு போடும். நடுவுல இருந்து வெளிய, ஒரு இழுப்பு மேல அடுத்த இழுப்பு பாதி ஏறணும், 45 டிகிரி சாய்வு, முதல்ல லேசா, ரெண்டாவது தடவை அழுத்தி. அவசரமா ஓரத்துக்கு ஓடுனா நடுவுல தண்ணி கம்பளிப்பூச்சி மாதிரி மாட்டிக்கும்.

ஒவ்வொரு முழ தூரத்துக்கும் டார்ச்சை படுக்க வச்சு அடிச்சுப் பாருங்க. ஏதாவது பொட்டு இருந்தா அப்பவே, பக்கத்து விளிம்புல இருந்து அந்த எடம் வரைக்கும் மெதுவா தூக்கி, ரெண்டு பக்கமும் ஸ்லிப் அடிச்சு கழுவி விட்டு, போகலன்னா ஈர விரல் நுனியில ஒத்தி எடுத்து, திரும்ப படுக்க வைங்க. நாளைக்கு பாத்துக்கலாம்னா நாளைக்கு பசை விடாது.

ரெண்டாவது ராத்திரி எங்களுக்கு வந்த வினை இதுதான். சாயங்காலம் நல்ல மழை, விட்டப்புறம் குளுகுளுன்னு இருந்துச்சுன்னு வீட்டு முன்னாடி காடி நிறுத்தற எடத்தோட கதவை திறந்து வச்சுட்டோம். வலது ஃபெண்டர் பிலிமை மச்சான் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு, பசை பக்கம் மேல பாத்து, எல்இடி லைட் ரெண்டு வெள்ளையா எரியுது, வந்துச்சு பாருங்க ஈசல், ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டமா. பசையில ஒட்டி றெக்கை அடிச்சு, உதிர்ந்த றெக்கை வேற, மெலிசா கண்ணாடித்தாள் மாதிரி. தண்ணி அடிச்சு கழுவப் பாத்தோம், ஒடம்பு போகுது றெக்கை போகல. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் பிலிம் குப்பைக்கு. மச்சான் ஒண்ணும் பேசாம போயி மாமாக் கடையில (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ரெண்டு தே தாரிக், அதாவது ஆத்துன டீ, தாப்பாவ் பண்ணிட்டு (பார்சல் கட்டிட்டு) வந்தாரு. மழை விட்ட ராத்திரி கதவை சாத்திட்டு வெளிய ரோட்டோரம் ஒரு லைட்டை போட்டு வைங்க, ஈசல் அங்க போகட்டும்.

சரி, திரும்ப பானெட்டுக்கு வருவோம். விளிம்புக்கு வந்ததும் ஸ்லிப்பை முழுசா வெளிய தள்ளி, டேக் தண்ணி அடிச்சு ஒரு நிமிஷம் விட்டு அழுத்தணும். நம்ம ஊரு காத்துல ஈரம் அதிகம், சீக்கிரம் காயாது, அதனால பொறுங்க. ஒரு சென்டிமீட்டர் விட்டு மிச்சத்தை வெட்டி, பானெட்டை தூக்கி உள்பக்கம் மடிச்சு, ஹீட் கன்னை தூரமா பிடிச்சு கை வச்சா சுட்டு எடுக்கற அளவுக்கு சூடு காட்டி கட்டை விரல்ல அழுத்துங்க. மூலையில பிலிம் கூடிப்போயி சுருங்கும், அங்க சின்னதா ஒரு ரிலீஃப் கட் போட்டா ரெண்டு பக்கமும் தனித்தனியா மடங்கும்.

பம்பர்

இங்க இழுக்காம முடியாது. நடுவுல நங்கூரம் போட்டு, ரெண்டு ஆளும் ரெண்டு மூலைக்கு நீளமா, பரவலா இழுக்கணும். ஒரே எடத்துல சுருக்குன்னு இழுத்தா பிலிம்ல வெள்ளை கோடு விழும், அது ஹீட் காட்டினாலும் திரும்பாது. பிலிம் முரண்டு புடிச்சா வெதுவெதுப்பான ஸ்லிப் தண்ணி அடிங்க, ஹீட் கன்னை விட அது பதமா எளக்கும். இழுத்த எடத்தை டேக் தண்ணியில புடிக்க வச்சு, விரலை எடுக்காம ஒரு முப்பது எண்ணுங்க. விட்டதும் விரல் விரலா மடிப்பு எழும்புனா அழுத்தி நசுக்காதீங்க, அது அங்க கூடுதல் பிலிம் இருக்குன்னு அர்த்தம், தூக்கி அந்த கூடுதலை அகலமா பரப்பி மறுபடி படுக்க வைக்கணும். நசுக்கி வச்சது மூணாவது நாள் வெயில்ல வாயை பொளந்துக்கும். கேமன் பம்பர்ல ரெண்டு பக்கமும் இருக்கற காத்து வாய்க்குள்ள ஒரே துண்டா இறக்க நான் ரெண்டு தடவை பாத்தேன், ரெண்டும் தோல்வி, மூணாவது தடவை வாய் ஓரத்துல வெட்டி உள்ளுக்கு தனி துண்டு போட்டேன். சேர்மானம் கருப்பு பிளாஸ்டிக் கிட்ட போயிடுச்சு, தேடுனாத்தான் தெரியும். கதவுக்கு பின்னாடி இருக்கற பக்கவாட்டு காத்து வாய்க்கும் அதேதான்.

பின் ஃபெண்டரை மறந்துடாதீங்க. முன் டயர் வாரி எறியற கல்லு நேரா அங்கதான் போகும். செப்பாங் ரேஸ் டிராக்ல டிராக் டே (சொந்த காடிய டிராக்ல ஓட்டற நாள்) போயிட்டு வர்ற காடிங்க பின் ஃபெண்டர் முழுக்க உருகுன டயர் ரப்பர் அப்பிக்கிட்டு வரும், பிலிம் இருந்தா தார் ரிமூவரை லேசா தொட்டு தொடச்சுடலாம்.

வெட்டறது

பிளேடு 30 டிகிரி மெலிசு முனை, ரெண்டு வெட்டுக்கு ஒருதடவை நுனிய ஒடைச்சு புதுசாக்குங்க, பிளேடு மலிவு, பெயிண்ட் மலிவு இல்ல. சந்துக்குள்ள, ரப்பர் மேல, மடிப்புக்கு உள்ள, இங்க மட்டும்தான் பிளேடு போகலாம். பேனல் நடுவுல கோடு வேணும்னா நைஃப்லெஸ் டேப் ஒட்டி, அதோட நூலை இழுத்து அறுங்க. என் கூட்டாளி ஒருத்தர் வேற ஒரு கடையில காடிய விட்டாரு, பேரு வேணாம், ரெண்டு வருஷம் கழிச்சு பிலிமை எடுக்கும்போது ஹெட்லைட்டை சுத்தி பெயிண்ட்ல மயிரிழை மாதிரி வெட்டுக் கோடு, அதுல துரு ஏற ஆரம்பிச்சிருந்துச்சு. கடையில ஒட்டறதா இருந்தா "எங்க வெட்டுவீங்க"ன்னு கேளுங்க. பிளாட்டர்ல (கம்ப்யூட்டர் அளவுக்கு வெட்டற மெஷின்) வெட்டுன அளவு பிலிம்னா பிளேடு பயம் இல்ல, ஆனா விளிம்பு கொஞ்சம் உள்ள தள்ளி நிக்கும், மடிப்பு வராது. எனக்கு கையால மடிக்கறதுதான் புடிக்கும், ஆனா கத்தி பழகாதவங்களுக்கு பிளாட்டர்தான் நல்லது.

ஒட்டினப்புறம்

ஒரு நாள் முழுக்க காடி வெளிய போகக்கூடாது, ஒரு வாரம் கழுவக்கூடாது. முதல் வாரம் சின்ன சின்ன தண்ணி பொட்டும், லேசா பனி மூடுன மாதிரியும் தெரியும், மச்சான் தினமும் காலையில போட்டோ அனுப்புவாரு "இது என்னா மாப்ள"ன்னு. விரல்ல அழுத்துனா நகந்தா தண்ணி, தானா ஆவியாகிடும், நம்ம வெயில்ல ரெண்டு வாரத்துல போச்சு. நகராம பொட்டா நின்னா காத்து, ரொம்ப மெலிசு ஊசியில ஒரு தடவை குத்தி அழுத்தலாம், அதுவும் வேற வழி இல்லன்னா மட்டும்.

அதுக்கப்புறம் வாழ்க்கை சுலபம். கார் வாஷ் தம்பிகிட்ட ஜெட்டை விளிம்புக்கு நேரா கிட்ட புடிக்காதன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுங்க, ஒரு முழமாவது தள்ளி நிக்கட்டும், விளிம்பு தூக்கறதே அந்த ஜெட்டாலதான். அங்சானா மரத்துக்கு கீழ நிறுத்துனா பிசினும் பூவும், மைனா எச்சம் வேற, அன்னைக்கே ஈரத்துணி போட்டு ஊற வச்சு எடுத்துடுங்க, பிலிம்லயும் கறை ஏறும். மேல லேசான கீறல் விழுந்தா மதியம் ஒரு மணி நேரம் வெயில்ல விட்டா போதும், வெளிநாட்டுக்காரன் சுடுதண்ணி ஊத்தறான், நமக்கு அது ஓசி. பிலிமை கிழிச்ச கீறல் மட்டும் ஆறாது, அந்த பேனலை மாத்தறதுதான்.

எடுக்கற நாள் வரும்போது, மஞ்சள் தட்டியோ விளிம்பு வெடிச்சோ, குளிர்ல உரிக்காதீங்க. வெயில்ல நின்ன காடி, இல்லன்னா ஸ்டீமர், சூடா இருக்கும்போது ஒரு மூலைய எடுத்து பேனலோட ஒட்டுனாப்ல தாழ்வா, மெதுவா இழுங்க, நேரா மேல இழுத்தா பெயிண்டுக்கு ஆபத்து. மச்சானோட அந்த 260 மைக்ரான் இடது ஃபெண்டருக்கு மட்டும் நான் இப்பவே சொல்லி வச்சிருக்கேன், அன்னைக்கு நான் வரமாட்டேன்னு.